ஒரு துளி மையின் சான்று

கற்பிட்டி முதல் உடப்பு வரையான புத்தளக் கரையோரத்தில், கல்வியாண்டு பிறக்குந்தோறும் மீன்பிடிக் குடும்பங்களுக்குக் கொப்பிச் செலவு பெருங்கவலை. 2022 மார்ச்சில் தாளும் மையும் கிட்டாமல் அண்டை மேல் மாகாணப் பள்ளிகளின் தவணைப் பரீட்சைகளே தள்ளிப்போயின; இறக்குமதித் தாளை நம்பிய நாட்டின் நிலை அது.

ஆயினும் விலை குறைந்ததெல்லாம் மலிவன்று. பசை குறைந்த தாளில் ஊற்றுப்பேனை மை கிளைவிட்டுப் பரவி மறுபுறமும் ஊறும். எழுத ஒரு பக்கமே மிஞ்சும். அரைவிலைக் கொப்பியும் அப்போது முழுவிலையே. ஆதலின் முதலில் ஒரு கொப்பி வாங்கி, ஒரு வரி எழுதித் தாளைத் திருப்பிப் பார்த்திடுக. தேறினால், அயலார் சிலர் கூடி நகரத்து மொத்தக் கடையில் டசினாக வாங்கலாம்.

பேனையோ ஒருமுறைச் செலவு; ஒரு போத்தல் மை பல மாதம் வரும். பழைய கொப்பிகளின் எழுதாத் தாள்களையும் தைத்துக்கொள்க. பிள்ளையின் கல்வி கடலின் வரவுக்குக் காத்திராதன்றோ!