சுழல் துப்பாக்கிகளில் மாற்றுப் பின்குறிகள்: தேர்வும் பொருத்தும் முறையும்

சுழல் துப்பாக்கி (ரிவால்வர்) ஒன்றில் குறி பார்ப்பதற்கு இரண்டு பாகங்கள் உள்ளன. குழலின் நுனியில் மேடாக நிற்பது முன்குறி. சுத்தியலுக்குச் சற்று முன்னால், உடற்சட்டத்தின் மேல்பட்டையில் பிளவுடன் அமைந்திருப்பது பின்குறி. தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட பின்குறியைக் கழற்றிவிட்டு, வேறு வகையையோ வேறு நிறுவனத்தின் தயாரிப்பையோ பொருத்துவது அமெரிக்காவில் பரவலான வழக்கம். அந்நாட்டின் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் உடற்சட்டத்தையே துப்பாக்கியாகக் கொள்கிறது. ஆகவே, பின்குறி அங்கே சாதாரண உதிரிபாகமாக விற்கப்படுகிறது. இந்தியாவில் 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் 'படைக்கலம்' என்னும் சொல்லுக்குள் அதன் பாகங்களையும் சேர்த்திருப்பதால் நிலைமை வேறு.

பின்குறி தனித்து இயங்கும் பாகமன்று. முன்குறியின் உயரம், சுடும் தோட்டா, பயன்படுத்தும் நோக்கம் ஆகிய மூன்றோடும் அது ஒத்துப்போக வேண்டும். இவற்றைப் பாராமல் தோற்றத்தை மட்டும் பார்த்து மாற்றினால், முன்பு சரியாகச் சுட்ட துப்பாக்கியும் இலக்கைத் தவறவிடும்.

வரலாறு

1851ஆம் ஆண்டின் கோல்ட் நேவி போன்ற பழைய சுழல் துப்பாக்கிகளில் உருளைக்கு மேலே பட்டை கிடையாது. சுத்தியலின் மூக்கில் வெட்டப்பட்ட சிறு பிளவே பின்குறியாக இருந்தது. சுத்தியலைப் பின்னுக்கு இழுத்தால்தான் அது கண்ணுக்குத் தெரியும். 1873இல் வந்த கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மியில் மேல்பட்டை இருந்தது. அதன் நீளத்துக்கு வெட்டப்பட்ட பள்ளமே பின்குறி ஆனது. 1899இல் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் வெளியிட்ட மிலிட்டரி அண்டு போலீஸ் துப்பாக்கியும் (பிற்கால மாடல் 10) இதே வழியைப் பின்பற்றியது. இவை நிலைக்குறிகள் எனப்படும். உடைய எதுவுமில்லை, நகர்த்தவும் எதுவுமில்லை.

இலக்குப் போட்டிகளில் சுடுவோருக்கு இது போதவில்லை. 1890களில் இ. இ. பாட்ரிட்ஜ் என்ற அமெரிக்கப் போட்டியாளர் தட்டையான மேல்விளிம்புள்ள முன்குறியையும் சதுரப் பிளவுள்ள பின்குறியையும் இணைத்துப் பயன்படுத்தினார். இன்றும் அவ்வடிவம் அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. 1955இல் அறிமுகமான ருகர் பிளாக்ஹாக், கோல்ட் பைத்தான், ஸ்மித் அண்டு வெஸ்ஸன் காம்பாட் மேக்னம் ஆகிய மூன்றும் திருகினால் நகரும் பின்குறியுடனேயே வந்தன. இன்றைய மாற்றுப் பின்குறிகளில் பெரும்பாலானவை ருகர், ஸ்மித் அண்டு வெஸ்ஸன் வடிவமைப்புகளுக்காகவே செய்யப்படுகின்றன.

குறி பார்க்கும் முறை

பின்குறியின் பிளவுக்கு நடுவே முன்குறி தெரிய வேண்டும். இரண்டின் மேல்விளிம்பும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். முன்குறியின் இருபுறமும் சம அளவு வெளிச்சக் கீற்று தெரிய வேண்டும். மனிதக் கண்ணால் பின்குறி, முன்குறி, இலக்கு ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் தெளிவாகக் காண இயலாது. எனவே பார்வையை முன்குறியில் நிறுத்துமாறு பயிற்சியில் கற்றுக்கொடுக்கின்றனர். பின்குறி சற்று மங்கலாகவே தெரியும்.

பிளவின் அகலம் இங்கே முக்கியமாகிறது. பிளவு குறுகியிருந்தால் வெளிச்சக் கீற்றுகள் மறைந்து, முன்குறி நடுவில் இருக்கிறதா என்பதே தெரியாமல் போகும். மிக அகன்றிருந்தால் விரைவாகக் குறி பார்க்கலாம், ஆனால் துல்லியம் குறையும். வயது ஏறி, அருகிலுள்ளவை மங்கலாகத் தெரியத் தொடங்கும்போது பலர் பின்குறியை மாற்ற நினைப்பதற்குக் காரணம் இதுவே.

சிறு அளவு, பெரும் விலகல்

பின்குறியின் நகர்வு எவ்வளவு நுட்பமானது என்பதை எளிய கணக்கொன்று காட்டும்.

தேவையான நகர்வு = இலக்கில் விலகல் × இரு குறிகளுக்கு இடைப்பட்ட தூரம் ÷ இலக்கின் தூரம்

இரு குறிகளுக்கு இடையே 200 மி.மீ. இருப்பதாகக் கொள்வோம். 25 மீட்டர் தொலைவில் குண்டுகள் 50 மி.மீ. இடப்புறம் விழுகின்றன. 50 × 200 ÷ 25,000 = 0.4 மி.மீ. அதாவது, பின்குறியை வலப்புறம் 0.4 மி.மீ. நகர்த்தினால் போதும்.

குழல் குட்டையாக இருந்து இடைத்தூரம் 100 மி.மீ. ஆனால், அதே 0.4 மி.மீ. நகர்வு இலக்கில் 100 மி.மீ. மாற்றத்தை உண்டாக்கும். குட்டைத் துப்பாக்கியில் பொருத்தும்போது நேரும் சிறு பிழையும் பெரிதாகத் தெரிவது இதனால்தான்.

நினைவில் கொள்ள வேண்டிய விதி: குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பின்குறியை நகர்த்த வேண்டும். முன்குறிக்கு இது தலைகீழ். முன்குறி உயர்ந்தால் குண்டு தாழும், தாழ்ந்தால் குண்டு உயரும்.

தோட்டாவின் பங்கு

.38 ஸ்பெஷல் வகையில் நிலைக்குறி கொண்ட துப்பாக்கிகள் பெரும்பாலும் 158 கிரெய்ன் (சுமார் 10.2 கிராம்) எடையுள்ள குண்டுக்கு ஏற்பவே அமைக்கப்பட்டன. அதே துப்பாக்கியில் 110 கிரெய்ன் குண்டைச் சுட்டால், அது பொதுவாகத் தாழ்வாக விழும். லேசான குண்டு வேகமாகப் போவதால் மேலே விழ வேண்டும் என்று பலர் எண்ணுவர். உண்மையில், குண்டு குழலை விட்டு வெளியேறும் முன்பே பின்னுதைப்பால் குழலின் வாய் உயரத் தொடங்கிவிடுகிறது. மெதுவாகச் செல்லும் கனமான குண்டு குழலுக்குள் அதிக நேரம் இருப்பதால் உயர்ந்த திசையில் வெளியேறுகிறது. விரைந்து செல்லும் லேசான குண்டு அதற்கு முன்பே வெளியேறிவிடுகிறது.

ஆகவே, குறி தவறுகிறது என்று பின்குறியைக் குறை கூறுவதற்கு முன், எந்தத் தோட்டா சுடப்படுகிறது என்று பார்க்க வேண்டும். தோட்டாவை மாற்றினாலே சில துப்பாக்கிகள் சரியாகிவிடும். பல வகைத் தோட்டாக்களைச் சுடுபவருக்குத்தான் நகரும் பின்குறி உண்மையில் தேவைப்படுகிறது.

தேர்வு செய்யும்போது கவனிக்க வேண்டியவை

1. உடற்சட்டத்தின் அமைப்பு: ஸ்மித் அண்டு வெஸ்ஸனின் நகரும் பின்குறி, மேல்பட்டையின் பள்ளத்தில் படுத்திருக்கும் நீண்ட நாக்கு போன்றது. அந்த நாக்கின் முன்முனை சில காலத்துத் துப்பாக்கிகளில் சதுரமாகவும் பிற்காலத்தவற்றில் வளைவாகவும் இருக்கும். ஒன்றுக்கானது மற்றொன்றில் சரியாக உட்காராது. ருகர் துப்பாக்கியில் பின்குறி ஒரு குறுக்கு ஆணியில் தொங்கி, அடியில் உள்ள சுருள்வில்லால் மேலே தள்ளப்படுகிறது. மாடலின் பெயரோடு தயாரிப்புக் காலத்தையும் பார்த்து வாங்க வேண்டும்.

2. முன்குறியின் உயரம்: புதிய பின்குறித் தகடு பழையதைவிட உயரமாக இருந்தால், அதைக் கீழ்மட்டம் வரை இறக்கினாலும் குண்டு உயரமாகவே விழலாம். அப்போது முன்குறியையும் உயரமானதாக மாற்ற வேண்டும். மேற்கண்ட அளவில், 25 மீட்டரில் 75 மி.மீ. உயர்ந்து விழும் குண்டைத் தாழ்த்த முன்குறி 0.6 மி.மீ. உயர வேண்டும். ருகர் ஜிபி100 போன்றவற்றில் முன்குறியை எளிதில் கழற்றலாம். குழலோடு ஒன்றாக வார்க்கப்பட்ட முன்குறியை மாற்றுவது கடினம்.

3. பிளவின் வடிவம்: காகித இலக்கில் துல்லியமாகச் சுட, வெண்கோடு இல்லாத கறுப்புச் சதுரப் பிளவே ஏற்றது. மங்கிய ஒளியில் விரைவாகக் குறி பார்க்க, பிளவைச் சுற்றி வெண்கோடிட்ட தகடும் சிவப்பு முன்குறியும் உதவும். இருளில் ஒளிரும் டிரிட்டியம் குறிகளும் உண்டு. டிரிட்டியத்தின் அரை ஆயுள் சுமார் 12.3 ஆண்டுகள் என்பதால், அவற்றின் ஒளி காலப்போக்கில் மங்கிவிடும்.

4. உறுதி: .44 மேக்னம் போன்ற வலிய தோட்டாக்களின் உதைப்பு மெல்லிய தகட்டையும் சிறு திருகுகளையும் தளர்த்தும், சில நேரங்களில் உடைக்கும். இத்தகைய துப்பாக்கிகளுக்காகவே போவன் கிளாசிக் ஆர்ம்ஸ் நிறுவனத்தின் ரஃப் கன்ட்ரி போன்ற தடித்த எஃகுப் பின்குறிகள் வந்தன.

5. பயன்பாடு: உலோக உருவ இலக்குப் போட்டியில் 50, 100, 150, 200 மீட்டர் என நான்கு தொலைவுகளில் சுட வேண்டும். ஒவ்வொரு தொலைவுக்கும் உயரத்தை மாற்ற வேண்டியிருப்பதால், 'கிளிக்' எண்ணி நகர்த்தும் பின்குறி அவசியம். உறையில் வைத்து இடுப்பில் அணியும் துப்பாக்கிக்கோ கூரிய மூலைகளே தொல்லை. அவை துணியைக் கிழிக்கும், உறையிலிருந்து எடுக்கும்போது சிக்கும். அதற்கு மூலை மழுங்கிய நிலைக்குறியே மேல்.

பொருத்தும் முறை

முதல் வேலை, துப்பாக்கி காலியாக இருப்பதை உறுதி செய்வது. உருளையை வெளியே தள்ளி எல்லா அறைகளையும் பார்க்க வேண்டும். சிங்கிள் ஆக்‌ஷன் வகையில் பக்கவாட்டுக் கதவைத் திறந்து, உருளையைச் சுழற்றி, ஒவ்வோர் அறையாகப் பார்க்க வேண்டும். வேலை நடக்கும் மேசையில் தோட்டாக்கள் இருக்கக் கூடாது.

திருப்புளியின் முனை திருகின் பிளவில் ஆட்டமின்றி, முழுமையாக உட்கார வேண்டும். வீட்டுத் திருப்புளிகளின் முனை சரிவாகத் தீட்டப்பட்டிருக்கும். அது வழுக்கித் திருகையும் கெடுக்கும், மேல்பட்டையிலும் கீறலிடும். இரு பக்கமும் இணையாகத் தீட்டிய முனையே வேண்டும்.

ஸ்மித் அண்டு வெஸ்ஸன் வகையில் நாக்கின் முன்புறத் திருகை முதலில் கழற்ற வேண்டும். பின் உயரத் திருகை இடஞ்சுழியாகத் திருப்பிக்கொண்டே வந்தால், அது உடற்சட்டத்தில் உள்ள மரையிலிருந்து விடுபட்டுப் பின்குறி மேலே வந்துவிடும். புதியதைப் பொருத்தும்போது இதே வரிசையைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். தகட்டை மட்டும் மாற்ற நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பக்கவாட்டுத் திருகின் முனை அதன் மரையோடு அடித்துப் பதிக்கப்பட்டிருக்கும். அதைக் கழற்றினால் திருகு வீணாகும். ஆகவே புதிய திருகும் மரையும் தேவை. முழுப் பின்குறியையும் மாற்றுவது பலருக்கு எளிது.

ருகர் வகையில் உயரத் திருகை முழுதும் கழற்றி, பிறகு குறுக்கு ஆணியைப் பொருத்தமான தட்டுக்கோலால் மெல்லத் தட்டி வெளியேற்ற வேண்டும். அடியில் உள்ள சிறு சுருள்வில்கள் தெறித்து ஓடக்கூடியவை. கண்ணாடி அணிவதும் பின்குறியை விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்வதும் நல்லது.

பொருத்திய பின், காலித் துப்பாக்கியின் சுத்தியலை மெல்லப் பின்னுக்கு இழுத்து, அது புதிய பின்குறியில் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். பழைய திருகைவிட நீளமான திருகைப் பயன்படுத்தக் கூடாது. திருகு தளராதிருக்க, குறைந்த வலுவுள்ள பசை ஒரு துளி போதும். வலிய பசையிட்டால் அடுத்த முறை கழற்றும்போது திருகின் தலை கெடும்.

நிலைக்குறித் துப்பாக்கியில் நகரும் பின்குறி வேண்டுமென்றால், மேல்பட்டையை மில்லிங் இயந்திரத்தில் வெட்ட வேண்டும். வெடிப்பின் விசையைத் தாங்கும் பாகங்களில் மேல்பட்டையும் ஒன்று. அதை ஆழமாக வெட்டினால் துப்பாக்கியே பலவீனமாகும். வெட்டிய உலோகம் திரும்ப வராது. பழைய துப்பாக்கியாக இருந்தால் அதன் மதிப்பும் குறையும். இது தேர்ந்த துப்பாக்கிக் கம்மியர் செய்ய வேண்டிய வேலை.

சீர்செய்தல்

புதிய பின்குறியை நடுநிலையில் வைத்து, வழக்கமாகச் சுடும் தோட்டாவைக் கொண்டே சோதிக்க வேண்டும். கைகளை மணல்மூட்டையின் மேல் தாங்கி, ஐந்து ஐந்தாகச் சில தொகுதிகள் சுட்டு, ஒவ்வொரு தொகுதியின் நடுப்புள்ளியையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரே குண்டின் விலகலைப் பார்த்துத் திருகைத் திருப்பினால், சுடுபவரின் பிழைக்குத் துப்பாக்கியைத் திருத்தியதாகிவிடும். விசையை வெடுக்கென்று இழுப்பவரின் குண்டுகளும் ஒருபுறமாகவே சேரும் என்பதால், இயன்றால் வேறொருவரும் சுட்டுப் பார்ப்பது நல்லது.

நிலைக்குறி உள்ள துப்பாக்கியில் குண்டு தாழ்வாக விழுந்தால், முன்குறியைச் சிறிது சிறிதாக அரத்தால் தேய்ப்பது பழைய வழி. ஒவ்வொரு தேய்ப்புக்குப் பிறகும் சுட்டுப் பார்க்க வேண்டும். அளவுக்கு மீறித் தேய்த்த முன்குறியை மீண்டும் வளர்க்க முடியாது.

முதல் சில டஜன் தோட்டாக்களுக்குப் பிறகு எல்லாத் திருகுகளையும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். திருகின் தலையிலும் தகட்டிலும் சேர்த்து ஒரு சிறு வண்ணக்கோடு இட்டு வைத்தால், திருகு நகர்ந்திருப்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும். எந்தத் தோட்டாவுக்கு, எந்தத் தொலைவில், எத்தனை 'கிளிக்' என்று எழுதி வைப்பவர்களுக்கு அடுத்த முறை தோட்டாக்கள் வீணாவதில்லை.