“அவரு வரட்டும்” என்று பீரோவில் வைக்காதீர்கள்

ராணிப்பேட்டை, ஆற்காடு, வாலாஜா பக்கம் பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பாத ஊர் குறைவு. கணியம்பாடி அருகே கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர். கணவர் லடாக்கிலோ ஐ.நா. அமைதிப்படையோடு தெற்கு சூடானிலோ இருக்க, மனைவி இங்கே தனியாகக் குடும்பத்தை நடத்துகிறார். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மாமனார் மாமியார் எல்லாவற்றையும் சமாளிப்பவர், கணவர் பெயருக்கு ஒரு தாள் வந்தால் மட்டும் “அவரு லீவுல வரட்டும்” என்று பீரோவில் வைத்துவிடுகிறார். அந்தப் பழக்கத்தில் நிலமே கைவிட்டுப் போகலாம்.

வரப்புத் தகராறிலோ மனைப் பிரச்சினையிலோ பங்காளி வழக்குப் போடுகிறார். நீதிமன்ற அமீனா சம்மனோடு வருகிறார். கணவர் இப்போதைக்கு வரமாட்டார் என்றால், கூடவே வசிக்கும் வயதுவந்த குடும்பத்தாரிடம் சம்மனைக் கொடுக்கச் சட்டத்தில் இடமுண்டு. வாங்க மறுத்தால் கதவில் ஒட்டிவிட்டுப் போவார். மறுத்ததால் வழக்கு நிற்காது. பதிலுரைக்கு 30 நாள், நீதிமன்றம் மனம் வைத்தால் 90 நாள். அதற்குள் யாரும் ஆஜராகாவிட்டால் எக்ஸ்பார்ட்டி, அதாவது ஒருதலைத் தீர்ப்பு. ஆகவே அமீனாவிடமே, கணவர் ராணுவத்தில் இருக்கிறார் என்று அவருடைய எண்ணையும் யூனிட்டையும் எழுதிக் கொடுங்கள். படைவீரருக்கான சம்மனை அவருடைய கமாண்டிங் ஆபீசர் வழியாக அனுப்புவதே உரிமையியல் நடைமுறைச் சட்டம் சொல்லும் முறை. அதே சட்டத்தின் 28-ஆம் கட்டளை இன்னும் பெரிய உதவி. லீவு கிடைக்காத படைவீரர் தன் சார்பில் வழக்கை நடத்த மனைவிக்கோ வேறு யாருக்கோ எழுத்தில் அதிகாரம் தரலாம். கமாண்டிங் ஆபீசர் முன்னிலையில் கையெழுத்திட்டு, அவரும் மேலொப்பமிட்டால் போதும்; அந்த ஒப்பமே நீதிமன்றத்துக்குச் சான்று. போர்முனையிலோ வெளிநாட்டிலோ இருப்பவருக்கு 1925-ஆம் ஆண்டின் இந்தியப் படைவீரர்கள் வழக்குச் சட்டமும் உண்டு. அவரால் ஆஜராக முடியாது என்று கலெக்டரே நீதிமன்றத்துக்குச் சான்றளிக்கலாம். இவ்வளவு இருந்தும் “அவரை வரச் சொல்லும்மா” என்று திருப்பி அனுப்பும் அலுவலர்களை என்னவென்று சொல்வது! 28-ஆம் கட்டளை முப்படையினருக்கானது. சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். குடும்பத்தார் இதை நம்பிக் காத்திராமல், பதிவு செய்த பவர் பத்திரத்தை லீவிலேயே எழுதிவைப்பது நல்லது.

பவர் கொடுத்தால் சொத்தே போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. பயத்தில் நியாயம் இருக்கிறது. விற்கவும் அடமானம் வைக்கவும் பொதுப் பவர் எழுதித் தம்பி கையில் கொடுப்பது ஆபத்துதான். ஆனால் ஒரே வேலைக்கு, ஒரே சர்வே எண்ணுக்குத் தனிப் பவர் எழுதலாம். வேண்டாதபோது பதிவு செய்து ரத்தும் செய்யலாம். ஒன்றை மறக்கக் கூடாது: எழுதிக் கொடுத்தவர் இறந்த நிமிடமே சாதாரணப் பவர் செல்லாது. அதனால் நாமினி பதிவுக்குப் பவர் மாற்றாகாது.

போன் இருக்கிறதே, வீடியோ காலில் பேசிக்கொள்ளலாமே என்பது அடுத்த வாதம். பேசலாம், ஆனால் ஓ.டி.பி. போவது டவர் இல்லாத மலைமேல் இருக்கும் போனுக்கு. கணவரின் ஏ.டி.எம். கார்டை மனைவி பயன்படுத்துவதும் பாதுகாப்பல்ல. பெங்களூருவில் பிரசவ விடுப்பில் இருந்த ஒரு பெண், கார்டையும் பின் நம்பரையும் கணவரிடம் கொடுத்து 25,000 ரூபாய் எடுக்கச் சொன்னார். பணம் வரவில்லை, கணக்கில் மட்டும் கழிந்தது. 2018-இல் நுகர்வோர் மன்றம் அவர் கோரிக்கையைத் தள்ளியது. செல்ஃப் செக்கோ அதிகாரக் கடிதமோ கொடுத்திருக்க வேண்டும் என்றது. இருவரில் யாரும் இயக்கக்கூடிய கூட்டுக் கணக்கும், மனைவியின் பெயரில் தனிக் கார்டும் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

எல்லாவற்றுக்கும் அடித்தளம், குடும்ப விவரங்களை ராணுவ ஆவணத்தில் ஏற்றும் பார்ட் டூ ஆர்டர். திருமணமும் குழந்தை பிறப்பும் அதில் ஏறாதவரை, ராணுவ ஆவணத்தில் அந்த மனைவியும் இல்லை, பிள்ளையும் இல்லை. திருமணப் பதிவு 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் கட்டாயம். கோவில் ரசீதோடு நின்றுவிடாதீர்கள். ஆதாரில் அப்பா இனிஷியல், ராணுவ ஆவணத்தில் கணவர் இனிஷியல் என்று இருந்தால் இன்றே திருத்துங்கள். பென்ஷன் நேரத்தில் அந்த ஓர் எழுத்துக்காக மாதக்கணக்கில் அலைய நேரிடும். வேலையில் சேர்ந்தபோது அம்மா பெயரில் போட்ட ஏ.ஜி.ஐ. என்ற ராணுவக் குழுக் காப்பீடு, சேமநிதி நாமினியை இப்போது பாருங்கள். திரும்பவும் சொல்கிறேன், லீவு முடிவதற்குள் பாருங்கள்.

வக்கீலுக்குப் பணமில்லை என்று ஒதுங்க வேண்டியதில்லை. பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு, 15100-க்கு அழைக்கலாம். படைவீரர் குடும்பங்களுக்கென்றே தேசிய சட்டப்பணிகள் ஆணையம் 2025 ஜூலையில் தனித் திட்டம் தொடங்கியிருக்கிறது. முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். பெயரைப் பார்த்து, பணியில் இருப்பவர் குடும்பத்துக்கு அங்கே இடமில்லை என்று நினைத்துவிட வேண்டாம். அங்கே கொடுக்கும் மனுவில் கணவரின் எண், பதவி, யூனிட், ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் முகவரி நான்கும் இருக்கட்டும். மனுவைக் கொடுத்ததும், தேதி முத்திரை போட்ட நகலைக் கேட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள்.