நாற்றங்காலில் வெள்ளை நாற்று

காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஏரிப் பாசன ஊர்களில் மார்கழித் திங்களில் நவரைப் பட்டத்திற்கு நாற்று விடுவது வழக்கம். சில நாட்களில் நாற்றங்கால் பசும்பட்டு விரித்தாற்போல் காட்சியளிக்கும். அப்பசுமையின் நடுவே, அங்கொன்றும் இங்கொன்றுமாக, பால்போல் வெளுத்த நாற்றுகள் சில தென்படுவதுண்டு. விதை கெட்டதோ, நோய் பிடித்ததோ என உழவர் கலங்குவர். சிலர் உடனே யூரியா வாங்கித் தூவுவர். அதனால் வெள்ளை நாற்று பச்சையாவதில்லை. கைப்பொருள் கரைவதே மிச்சம்.

இலையின் பச்சை நிறம் பச்சையம் என்னும் பொருளால் உண்டாவது. அஃது உயிரணுக்களுக்குள் பசுங்கணிகம் என்னும் நுண்ணிய பைகளில் அடங்கியுள்ளது. சூரிய ஒளியின் துணையால் கரியமில வாயுவையும் நீரையும் மாவுப் பொருளாக்கும் இடம் அதுவே. நாம் உண்ணும் சோறு அங்குப் பிறந்ததே. ஆயினும் முளைக்கும் விதையில் பசுங்கணிகம் ஆயத்தமாக இருப்பதில்லை. நிறமற்ற சிறு கணிகங்களே உள்ளன. சாக்கில் மூட்டம் கட்டிய முளைவிதை வெளிறியிருப்பதை யாவரும் கண்டிருப்பர். ஒளி பட்டதும் கணிகத்தினுள் மெல்லிய ஏடுகள் அடுக்கடுக்காக அமைகின்றன. பச்சையம் அவற்றில் பதிகிறது.

இம்மாற்றத்தை நடத்தும் கட்டளைகள் இரண்டு இடங்களிலிருந்து வருகின்றன. ஒன்று உயிரணுவின் உட்கரு. நெல்லில் அது 12 இணைக் குரோமோசோம்களைக் கொண்டது. மற்றொன்று பசுங்கணிகமே. அதற்கெனத் தனியே ஒரு சிறு மரபுப் பொருள் உண்டு. நெல்லில் அதனை ஜப்பானிய அறிஞர்கள் முழுதும் படித்து, 1,34,525 எழுத்துகள் கொண்டது என 1989-ல் வெளியிட்டனர். அதிலுள்ள ஜீன்கள் நூற்றைச் சுற்றியே. ஏனைய பெரும்பகுதி வேலைக்கு உட்கருவின் ஜீன்களே பொறுப்பு.

காஞ்சிபுரத்து நெசவாளர்க்கு இதனை எளிதில் விளக்கலாம். கோர்வைச் சேலையில் உடலும் கரையும் வெவ்வேறு நாடாக்களால் நெய்யப்பட்டு ஒன்றோடொன்று கோக்கப்படுகின்றன. ஒரு பக்கத்துக் கை நின்றால் தறியே நின்றுவிடும். கரியமில வாயுவைப் பற்றும் ரூபிஸ்கோ என்னும் புரதமும் அத்தகையதே. அதன் எட்டுப் பெரிய துண்டுகள் பசுங்கணிகத்தின் கட்டளைப்படியும், எட்டுச் சிறிய துண்டுகள் உட்கருவின் கட்டளைப்படியும் உருவாகி இணைகின்றன.

இவ்வேலைக்கு இன்றியமையாத உட்கரு ஜீன் ஒன்று பழுதுற்றால் வெள்ளை நாற்றுத் தோன்றும். ஒவ்வொரு ஜீனுக்கும் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என இரு பிரதிகள் உண்டு. ஒன்று பழுதாயினும் மற்றொன்று காப்பாற்றும்; பயிர் பச்சையாகவே விளைந்து, பழுதை மறைவாகச் சுமக்கும். நெல் பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கை உடையது. ஆதலின் அப்பயிரின் விதைகளில் நான்கில் ஒன்று இரு பிரதிகளும் பழுதானதாய் வெளுத்து முளைக்கும். விதையிலுள்ள உணவு தீரும்வரை வாழ்ந்து, மூன்றாம் இலைப் பருவத்தையொட்டி மடியும். எஞ்சிய பச்சை நாற்றுகளில் மூன்றில் இரண்டு பழுதைச் சுமப்பவை என்பதே கவனிக்க வேண்டியது. வெள்ளையைக் களைந்துவிட்டால் தீர்ந்தது என்று எண்ணுவது தவறு.

இதைக் கண்டு ஆராய்ந்தவர்களில் நம் நாட்டவரும் உண்டு. கோயமுத்தூரில் 1912-ல் நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பெற்றது. நெல்லில் பச்சையக் குறைபாடுகளைப் பற்றி ராமையாவும் ராமானுஜமும் 1935-லேயே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர்.

எல்லா வெளுப்பும் சாவில் முடிவதில்லை. இளம் இலை வெளுத்திருந்து, பின்னர் பச்சையேறும் நெல் வகைகளும் உள்ளன. ஜப்பானில் ஆராயப்பட்ட அத்தகைய வகை ஒன்று 20 பாகை வெப்பத்தில் வெளுக்கும். 30 பாகையில் ஏறக்குறையப் பசுமையாகவே வளரும். அதுபோன்ற மற்றொரு வகையின் காரணத்தைத் தென்கொரிய அறிஞர்கள் 2009-ல் கண்டறிந்தனர். மரபுப் பொருளுக்கு வேண்டிய கற்களைச் செய்யும் நொதி அதில் தளர்ந்துள்ளது. கற்கள் போதாதபோது உயிரணு உட்கருவிற்கே முதலிடம் தருகிறது; பசுங்கணிகம் பட்டினி கிடக்கிறது. பஞ்சக் காலத்துக் குடும்பம் நடத்தும் முறைதான்!

மண்ணின் குறையால் வரும் வெளுப்பு வேறு. இரும்புச் சத்துக் குறைந்தால் புதிய இலைகள், நரம்பு பச்சையாயிருக்க இடைப்பகுதி வெளிறி, பல நாற்றுகளில் திட்டுத் திட்டாகத் தோன்றும்; அன்னபேதிக் கரைசல் தெளித்தால் தேறும். தழைச்சத்துக் குறைந்தால் முதிர்ந்த இலையே முதலில் மஞ்சளாகும். பச்சை நாற்றுகளுக்கிடையே முழு வெள்ளையாய்த் தனித்து நிற்பதே மரபுக் குறை. வாங்கிய விதையில் ஓரிரண்டு அவ்வாறு தோன்றினால் விளைச்சலுக்குக் கேடில்லை.

சொந்த விதை வைத்துக்கொள்வோர் மட்டும் சிறிது உழைக்க வேண்டும். அறுவடைக்கு முன் நல்ல பயிர்களிலிருந்து தூருக்கு ஒரு கதிராகத் தேர்ந்து, கதிருக்கு ஒரு வரிசையாக நாற்றங்காலின் ஓரத்தில் விதைத்திட வேண்டும். வரிசைக்கு இருபது விதை முளைத்தால் போதும். பழுதைச் சுமந்த பயிரின் வரிசையில் வெள்ளை ஒன்றேனும் தோன்றாதிருப்பது ஆயிரத்தில் மூன்று முறையே. ஒரு வெள்ளை கண்டாலும் அவ்வரிசையின் பச்சை நாற்றுகளையும் சேர்த்து விலக்கி, ஏனைய வரிசைகளைத் தனியே நட்டு, அவற்றின் நெல்லை மட்டும் அடுத்த பட்டத்து விதைக்கு எடுத்து வைத்தல் வேண்டும்.