ராஜனைக் கொன்றது எதற்காக?

ஒரு சாப்பாட்டுக் கடை. ரத்தம் தோய்ந்த ஆயுதங்களோடு நான்கு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். சற்று முன்தான் ஒருவனைக் கொன்றிருக்கிறார்கள். அடுத்து என்ன செய்வது, யார் பழியை ஏற்பது என்று பேச்சு ஓடுகிறது. 2018 அக்டோபரில் வெளியான வெற்றிமாறனின் ‘வடசென்னை’ இப்படித்தான் தொடங்குகிறது. கதைக்குள் அது 1987ஆம் ஆண்டு.

கொன்றவர்களின் முகங்களை முதல் காட்சியிலேயே பார்த்துவிடுகிறோம். எதற்காகக் கொன்றார்கள் என்பது தெரியத்தான் படத்தின் பெரும்பகுதி கழிகிறது. செத்தவன் ராஜன், கடத்தல் தொழிலில் இருந்து, பிறகு குப்பத்துக்குக் காவலாக நின்றவன். சாலை வருகிறது, வீடுகளைக் காலி செய்யுங்கள் என்று அதிகாரம் வந்தபோது குறுக்கே நின்றான். அவனோடு உண்டு வளர்ந்தவர்களே அவனை வெட்டினார்கள். அவன் மனைவி சந்திரா, கொன்றவர்களில் ஒருவனையே மணந்துகொண்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் நெஞ்சில் வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்காகக் காத்திருக்கிறாள். கேரம் விளையாடி வேலைக்குப் போய்விடலாம் என்று கனவு கண்ட அன்புவுக்கு உண்மை தெரியவரும்போது, அது பழைய பகையின் கதையாக மட்டும் இல்லை. ராஜனைக் காவு வாங்கிய அதே நிலப் பிரச்சினை மறுபடியும் குப்பத்தின் வாசலில் நிற்கிறது.

காசிமேடும் ராயபுரமும் தமிழ் சினிமாவுக்குப் புதியவை அல்ல. லுங்கி, அரிவாள், கேலிக்கு ஒரு பாஷை: நெடுங்காலம் இவ்வளவுதான் திரையில் வடசென்னை. ‘இவன் ரவுடி’ என்று காட்டியதோடு படங்கள் நின்றுவிட்டன. அவனை ரவுடியாக்கியது எது, அதில் லாபம் பார்த்தது யார் என்று பின்னோக்கிப் போய்க் கேட்டவை பிறகு வந்த சில படங்கள்.

2014இல் வந்த பா. இரஞ்சித்தின் ‘மெட்ராஸ்’ படத்தில் அந்தக் கேள்வி ஒரு சுவரின் மேல் எழுதப்பட்டிருக்கிறது. வியாசர்பாடி ஹவுசிங் போர்டில், ஓர் அரசியல் தலைவரின் உருவம் வரைந்த சுவருக்காக இரண்டு கோஷ்டிகள் தலைமுறையாக அடித்துக்கொள்கின்றன. நண்பனைப் பறிகொடுத்த காளி எதிர்க்கோஷ்டியைத்தான் முதலில் சந்தேகிக்கிறான். தோண்டத் தோண்ட, கூட இருந்தவனே விலைபோனது தெரிகிறது. கடைசியில் அந்த உருவத்தின் மீது அவன் நீல வண்ணத்தை வீசுகிறான்.

அதே இயக்குநரின் ‘சார்பட்டா பரம்பரை’ 2021இல் வந்தது. களம் எமர்ஜென்சி காலக் குத்துச்சண்டை. துறைமுகக் கூலியான கபிலன் கையுறை மாட்டக் கூடாது என்று அம்மா பாக்கியம் அடித்தே தடுக்கிறார். மகனுக்கு அது வெறும் கண்டிப்பு. குத்துச்சண்டை வீரராக இருந்து அடிதடிக்குப் போய் உயிரை விட்ட கணவரைக் கண்ணால் பார்த்தவர் அவர். திமுக ஆட்சி கலைக்கப்பட்ட 1976 ஜனவரி 31 கதைக்குள் வருகிறது. கபிலனின் குத்துச்சண்டை ஆசானும் திமுககாரருமான ரங்கன் வாத்தியாரைப் போலீஸ் பிடித்துப்போகிறது. மோதிரக் கையால் குட்டுப்பட வேண்டிய பையன் சாராயத்துக்குள் விழுகிறான். அப்பா போன வழியிலேயே பிள்ளையும் போவதைப் பார்க்கிறோம். அதை வழிமறிக்கவும் அந்த அம்மாதான் நிற்கிறார்.

இந்தப் படங்கள் ஆளின் பழங்கதையைத் தேடின என்றால், அதே வடசென்னையின் எண்ணூரில் எடுத்த ஒரு காணொளி ஆளை விட்டுவிட்டு ஒரு சொல்லின் பழங்கதையைத் தேடிப்போனது. கபேர் வாசுகி எழுதி, டி.எம். கிருஷ்ணா பாடிய ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ அது. ‘புறம்போக்கு’ இன்று வசவு. வருவாய்க் கணக்கிலோ, வரி விதிக்காமல் ஊருக்குப் பொதுவாக விட்ட ஆற்றங்கரை, ஏரி, மேய்ச்சல் நிலம் எல்லாம் புறம்போக்கு. பொதுநிலத்தின் பெயர் எப்படித் திட்டாக மாறியது என்பதைப் பாட்டு, அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் நின்று கேட்டது.

பாடல் வெளியானது 2017 ஜனவரியில். அதே மாதம் 28ஆம் தேதி எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய் மாசு போன்ற பாதிப்பு எதுவும் இல்லை என்றது முதல் அறிக்கை. சில நாட்களில் எர்ணாவூர் கரையில், கறுத்துக் குழம்பாகிக் கிடந்த எண்ணெயை மக்கள் வாளி வாளியாக அள்ளிக்கொண்டிருந்தார்கள்.