சுரங்கக் கயிறும் ஹாக்கி மட்டையும்

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் கொண்டது. அத்தனை ஆழத்துக்கு எஃகுக் கயிற்றை இறக்கினால், ஆளையும் தாதுவையும் தூக்குவதற்கு முன்பே அது தன் எடையைத் தானே சுமக்க வேண்டும். ஆகவே தொழிலாளர்கள் ஒரே கயிற்றில் அடிமட்டம் செல்லாமல், ஒரு ஷாஃப்டிலிருந்து மற்றொன்றுக்கு மாறிக் கட்டம் கட்டமாக இறங்கினார்கள். 2001-இல் சுரங்கங்கள் மூடப்பட்டுவிட்டாலும், ஆண்டர்சன்பேட்டையின் மூத்தவர்களுக்கு இந்தக் கணக்கு பழக்கமானதே.

எஃகின் இந்தக் குறையை நீக்கும் பொருள் கார்பன் இழை. ஃபின்லாந்தின் கோனே நிறுவனம் 2013-இல் அறிமுகப்படுத்திய கார்பன் இழைப் பட்டை, மின்தூக்கியை ஒரே ஓட்டத்தில் 1,000 மீட்டர் வரை கொண்டுசெல்லக்கூடியது. விளையாட்டுக் கருவிகளில் இவ்விழை இடம்பெற்றதற்கும் காரணம் அதுவே: குறைந்த எடையில் மிகுந்த விறைப்பு. வணிகவியல் படித்தவன் மொழியில் கூறினால், போட்ட முதலுக்குக் கிடைக்கும் வருவாய் அதிகம்.

செயற்கை இழையைக் காற்றுப் படாமல் 1,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால் ஏறத்தாழ கார்பன் மட்டுமே எஞ்சுகிறது. அந்நூல் தலைமுடியைவிடப் பன்மடங்கு மெல்லியது. எஃகின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.8 கிராம், இதற்கு சுமார் 1.8 கிராம்தான். விறைப்பிலோ எஃகுக்குக் குறைந்ததன்று. நூல் ஓடும் திசையில்தான் இந்த வலிமை வெளிப்படும் என்பதால், பிசினில் தோய்த்த துணிகளை வெவ்வேறு திசைகளில் அடுக்கி, எங்கு விறைப்பு, எங்கு நெகிழ்வு என்று தயாரிப்பாளரே தீர்மானிக்கிறார். மரத்தில் அந்தச் சுதந்திரம் இல்லை.

இந்திய ஹாக்கி முசுக்கொட்டை மர மட்டையில் வளர்ந்தது. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைப் புல்தரை வந்தபின் ஆட்டம் வேகம் பிடித்தது, மட்டையும் மாறியது. இன்றைய விதிகளின்படி மட்டை 737 கிராமுக்கு மேல் இருத்தல் கூடாது. வளைவு 25 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. உலோகம் தவிர வேறு எப்பொருளும் ஏற்புடையது. கிரிக்கெட் இவ்வளவு தாராளம் காட்டவில்லை. ரிக்கி பாண்டிங் பயன்படுத்திய, பின்புறம் கிராஃபைட் பட்டை ஒட்டிய மட்டை 2006-இல் விலக்கிக்கொள்ளப்பட்டது.

மட்டை வாங்கும் பெற்றோர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மட்டையின் மேல் 30, 70, 95 என்று கார்பன் விழுக்காடு அச்சிடப்பட்டிருக்கும். எண்ணோடு விலையும் ஏறும். எண் பெரிதானால் பிள்ளையின் ஆட்டமும் சிறக்கும் என்று கருதுவது சரியன்று. விறைப்பான மட்டை, அடிக்கும்போது ஆற்றலை வீணாக்காமல் பந்துக்குத் தருகிறது. ஆனால் வரும் பந்தை நிறுத்த முயலும்போது அதே விறைப்பு பந்தைத் தெறிக்கச் செய்கிறது. சுமார் 160 கிராம் எடையுள்ள கடினமான பந்தை அடக்கப் பழகும் சிறுவனுக்குக் கண்ணாடி இழை மிகுந்த, அதிர்வைத் தாங்கும் மட்டையே உகந்தது. அதுவே மலிவானதும்கூட. பயிற்சியாளர் கேட்கும் வரை 95-க்குச் செலவிட வேண்டியதில்லை என்பது என் கருத்து.

மர மட்டை உடையுமுன் சிம்பு தெறித்து எச்சரிக்கும். கார்பன் மட்டையிலோ, மற்றொரு மட்டை பக்கவாட்டில் பலமாக மோதினால், மேற்பூச்சு கெடாமலே உள்ளடுக்குகள் பிரிந்துவிடலாம். பழைய மட்டையை வாங்குவோர் அதன் நீளம் முழுவதும் விரலால் தட்டிப் பார்க்கட்டும்; ஓரிடத்தில் மட்டும் ஒலி மங்கினால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.