ஊர்தியும் வலவனும்

நுழையும்முன்

தேரைச் செலுத்துபவனைச் சங்க இலக்கியம் ‘வலவன்’ என்றும் ‘பாகன்’ என்றும் அழைத்தது. வினைமுடித்து வீடு திரும்பும் தலைவன், தேரை விரைந்து செலுத்துமாறு பாகனிடம் வேண்டுவதை முல்லைத்திணைப் பாடல்களில் காண்கிறோம். இன்றைய வலவர்கள் லாரியையும் பேருந்தையும் ஓட்டுகின்றனர். அவர்களுடைய கண்ணையும் கையையும் நம்பியே மக்களும் உணவுப்பொருள்களும் எரிபொருளும் பயணம் செய்கின்றன. ஊர்தியின் நலத்தைப் பேணும் அளவிற்கு ஓட்டுநரின் உடல்நலத்தையும் பேணுகிறோமா?

சாலையை நம்பிய நிலம்

1997ஆம் ஆண்டு சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்து உருவான நாமக்கல் மாவட்டம் லாரித் தொழிலால் பெயர்பெற்றது. நாமக்கல்லில் லாரிகளுக்குக் கூண்டு கட்டும் பட்டறைகள் நிறைந்துள்ளன. சமையல் எரிவாயுவைச் சுமக்கும் டேங்கர் லாரிகளும், முட்டைகளைக் கேரளத்திற்குக் கொண்டுசெல்லும் வண்டிகளும் இங்கிருந்து புறப்படுகின்றன. திருச்செங்கோட்டின் ரிக் வண்டிகள் ஆழ்துளைக் கிணறு அமைப்பதற்காக வடமாநிலங்கள் வரை செல்கின்றன. சங்ககிரியும் லாரிகளால் வாழும் ஊரே.

கன்னியாகுமரியையும் ஸ்ரீநகரையும் இணைக்கும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நாமக்கல், சேலம் ஆகிய நகரங்களின் வழியே செல்கிறது. இதே சாலையில் தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி வரும் வண்டிகள் தொப்பூர்க் கணவாயின் நீண்ட இறக்கத்தைக் கடந்தாக வேண்டும். பாரம் ஏற்றிய வண்டியை அவ்விறக்கத்தில் கட்டுப்படுத்துவதற்கு நல்ல பிரேக் மட்டும் போதாது. தெளிந்த பார்வையும் விழிப்பான மனமும் வேண்டும்.

இருவகைத் தகுதிச் சான்றுகள்

லாரி, பேருந்து போன்ற போக்குவரத்து ஊர்திகளுக்குத் தகுதிச் சான்று கட்டாயம். இதனை மக்கள் ‘எஃப்.சி.’ என்பர். எட்டு ஆண்டுகள் வரையுள்ள ஊர்திக்கு 2 ஆண்டுகளுக்கு ஒருமுறையும், அதற்கு மேற்பட்டதற்கு ஆண்டுதோறும் இச்சான்று புதுப்பிக்கப்படுகிறது. ஊர்தி பழையதாகும்போது சோதனையும் அடிக்கடி நடைபெற வேண்டும் என்பதே இவ்விதியின் உட்பொருள்.

ஓட்டுநருக்கும் சோதனை உண்டு. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, போக்குவரத்து ஊர்தியை ஓட்ட உரிமம் பெறுபவர் பதிவுபெற்ற மருத்துவரிடம் ‘படிவம் 1அ’ என்னும் சான்றைப் பெற வேண்டும். 2019ஆம் ஆண்டின் திருத்தத்திற்கு முன்னர் 3 ஆண்டுகளாக இருந்த இவ்வுரிமத்தின் காலம் இப்போது 5 ஆண்டுகள். எரிவாயு போன்ற ஆபத்தான பொருள்களை ஏற்றிச் செல்வோருக்கு ஓராண்டாக இருந்த காலம் 3 ஆண்டுகளாயிற்று. படிவத்தின் கேள்விகள் பெரும்பாலும் பார்வை, செவித்திறன், கைகால்களின் இயக்கம் ஆகியவற்றைப் பற்றியவை.

கண்ணும் நிறமும்

நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தொலைவிலுள்ள காரின் எண்பலகையை ஓட்டுநரால் படிக்க முடிகிறதா என்பது ஒரு சோதனை. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 22 மீட்டரைக் கடந்துவிடும். எனவே, பார்வை சற்றே மங்கினாலும் முடிவெடுக்கக் கிடைக்கும் நேரம் பெரிதும் குறைந்துவிடும்.

சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியும் சோதனைக்கு ஒரு வரலாறு உண்டு. 1875ஆம் ஆண்டு சுவீடன் நாட்டின் லாகர்லுண்டா என்னுமிடத்தில் இரண்டு தொடர்வண்டிகள் மோதின. ஊழியர் ஒருவரின் நிறப்பார்வைக் குறைபாடு அதற்குக் காரணமாகலாம் என உடலியல் அறிஞர் ஹோம்கிரேன் ஐயுற்றார். பல நிறக் கம்பளி நூல்களைக் கொண்டு தொடர்வண்டி ஊழியர்களின் நிறப்பார்வையைச் சோதிக்கும் முறையை அவர் பரப்பினார். இந்தியாவில் 2020ஆம் ஆண்டு இவ்விதி தளர்த்தப்பட்டது. குறைந்த அளவிலும் நடுத்தர அளவிலும் நிறப்பார்வைக் குறைபாடு உடையோர் இப்போது உரிமம் பெறலாம்.

ஓசையின்றி வளரும் நோய்கள்

இருமுறை சான்று பெறுவதற்கு இடைப்பட்ட ஆண்டுகளில் வெளியே தெரியாமல் வளரும் நோய்கள் பல. 1953ஆம் ஆண்டு ஜெர்ரி மாரிஸ் என்னும் மருத்துவ ஆய்வாளர் இலண்டன் மாடிப்பேருந்துப் பணியாளர்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். நாள் முழுவதும் படியேறி இறங்கும் நடத்துநர்களைவிட, அமர்ந்தே பணியாற்றும் ஓட்டுநர்களிடம் இதயநோய் மிகுதியாகக் காணப்பட்டது. ஒரே பேருந்தில் பணியாற்றினாலும் இருவரின் உடல்நிலையும் வேறுபட்டது.

நீரிழிவுக்கு மருந்து உட்கொள்பவர் நேரத்திற்கு உண்ணாவிடில், இரத்தச் சர்க்கரை திடீரெனக் குறைந்து மயக்கம் வரக்கூடும். உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் அறிகுறி காட்டுவதில்லை. குறட்டையுடன் மூச்சு தடைபடும் நோய் உடையவர், இரவு முழுவதும் படுத்திருந்தாலும் பகலில் கண்ணயர்வார். 80 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு நொடி கண்ணயர்ந்தால், வண்டி ஏறத்தாழ 89 மீட்டர் தொலைவை ஓட்டுநரின்றியே கடந்திருக்கும். 1961ஆம் ஆண்டின் மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணிநேர வேலையையும், ஐந்து மணிநேரப் பணிக்குப்பின் அரைமணி ஓய்வையும் வகுத்ததன் தேவை இதனால் விளங்கும்.

அச்சம் என்னும் தடை

‘தகுதியில்லை’ என்று மருத்துவர் எழுதிவிட்டால் ஓட்டுநரின் வீட்டில் அடுப்பு எரியாது. கடன் பெற்று வாங்கிய லாரியைத் தாமே ஓட்டுபவராயின், தவணையும் நின்றுவிடும். ஆகவே நோயை மறைக்க முற்படுவோர் உண்டு. அவ்வாறு மறைக்கும்போது, உயிர்காக்க வேண்டிய சோதனை வெறும் கையொப்பமாகச் சுருங்கிவிடுகிறது. இதற்கு ஓட்டுநரை மட்டும் குறைகூறுவது முறையன்று.

ஓட்டுநரைப் பாதிக்கும் குறைபாடுகளுள் பல சரிசெய்யத்தக்கவை. பார்வைக்குறைவுக்குக் கண்ணாடி போதும். கண்புரையை அறுவை மருத்துவத்தால் நீக்கலாம். இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் மருந்தாலும் உணவுமுறையாலும் கட்டுக்குள் வைக்கலாம். பழுதான பிரேக்கைக் கண்டால் வண்டியை எவரும் கைவிடுவதில்லை. பழுதுநீக்கி மீண்டும் ஓட்டுகின்றனர். மனிதரையும் அவ்வாறே நலமாக்கி மீண்டும் பணியில் அமர்த்தும் உறுதி இருந்தால், ஓட்டுநர் தாமாகவே மருத்துவரிடம் செல்வார். மருத்துவ நாள்களுக்கும் ஊதியம் தருவது அவ்வுறுதியின் முதற்படி.

2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், நீரிழிவு, இரத்த அழுத்த நோயாளிகளின் வீட்டிற்கே மருந்தைக் கொண்டுசேர்க்கிறது. ஆனால் மருத்துவப் பணியாளர் வீட்டிற்கு வரும் நாளில் லாரி ஓட்டுநர் வேறு மாநிலத்தில் இருக்கக்கூடும். எனவே லாரிப்பேட்டை, சுங்கச்சாவடி, பேருந்துப் பணிமனை ஆகிய இடங்களில் சோதனை நடைபெறுவது சாலப் பொருந்தும். ஓட்டுநர் நலமுடன் வீடு திரும்பினால், அதே சாலையில் செல்லும் மற்றவரும் நலமுடன் வீடு திரும்புவர்.

தெரிந்து தெளிவோம்

கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு அறுவை மருத்துவர் எஸ். இராஜசேகரன், சாலை விபத்துகளைக் குறைக்க வேண்டி 2012ஆம் ஆண்டு உச்சநீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கில், சாலைப் பாதுகாப்பைக் கண்காணிக்க 2014ஆம் ஆண்டு குழு ஒன்று அமைக்கப்பட்டது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரிலுள்ள லாரி அல்லது பேருந்து ஓட்டுநர் ஒருவரிடம் அவருடைய உணவு, உறக்கம், ஓய்வு நேரங்களைக் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.

2. ‘ஓட்டுநர்களுக்கு ஆண்டுதோறும் மருத்துவச் சோதனை தேவை’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.