ஓர் ஆசிரியர் கற்ற பாடங்கள்

கற்றுக் கொடுப்பவருக்கு எல்லாம் தெரியும். கற்றுக் கொள்ள வருபவருக்கு ஒன்றும் தெரியாது. நம்மில் பலர் இப்படித்தான் நினைக்கிறோம். இது சரியா?

வயலில் வேலை செய்பவருக்கு மண்ணின் குணம் தெரியும். சந்தையில் மீன் விற்கும் அம்மா மனக்கணக்காகவே கூட்டுவார். பாக்கிச் சில்லறையைச் சரியாகக் கொடுப்பார். இவர்களுக்குத் தெரியாதது எழுத்து மட்டும்தான். இவர்களுக்கு எப்படிக் கற்றுக் கொடுப்பது? அதைக் கற்றுக் கொடுக்கும் வேலையில் இறங்கித்தான் தெரிந்து கொள்ள வேண்டும்.

அப்படி வேலையிலேயே பாடம் கற்ற ஓர் ஆசிரியர் கேரளத்தில் வாழ்ந்தார். அவர் பெயர் பி.என். பணிக்கர்.

பத்திரிகை படித்துக் காட்டியவர்

பணிக்கர் 1909 மார்ச் 1 அன்று நீலம்பேரூரில் பிறந்தார். அது குட்டநாட்டில் உள்ள ஊர். குட்டநாட்டில் பல வயல்கள் கடல் மட்டத்தை விடத் தாழ்ந்தவை. வரப்பு உயர்த்தி, நீரை இறைத்து வெளியேற்றித்தான் அங்கே நெல் பயிரிடுகிறார்கள்.

அக்காலத்தில் ஊரில் பலருக்குப் படிக்கத் தெரியாது. பணிக்கர் அவர்களைக் கூட்டி வைத்துப் பத்திரிகையைப் படித்துக் காட்டினார். நாட்டு நடப்பை அவர்கள் காதால் கேட்டுத் தெரிந்து கொண்டார்கள்.

இங்கே முதல் பாடம் இருக்கிறது. எழுத்துத் தெரியாதவருக்கும் அறியும் ஆசை உண்டு. அந்த ஆசைதான் கல்வியின் விதை. முதலில் ஆசையை வளர்க்க வேண்டும். எழுத்து பின்னால் வரும்.

1926இல் அவர் தம் ஊரில் ஒரு நூலகத்தைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 17. பிறகு அவர் ஆரம்பப் பள்ளி ஆசிரியராகவும் வேலை பார்த்தார்.

ஒன்று சேர்ந்த நூலகங்கள்

திருவிதாங்கூர் அப்போது மன்னர் ஆட்சியில் இருந்தது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டமும் அதில் அடங்கியிருந்தது. பல ஊர்களில் சிறு சிறு நூலகங்கள் இருந்தன. ஒன்றுக்கு ஒன்று தொடர்பு இல்லை. ஒரு நூலகம் பணமில்லாமல் மூடப்பட்டால் கேட்பார் இல்லை.

1945இல் அம்பலப்புழையில் 47 நூலகங்கள் ஒன்று கூடின. திருவிதாங்கூர் கிரந்தசாலா சங்கம் பிறந்தது. கிரந்தசாலை என்றால் நூலகம். முன்னின்று இதைச் செய்தவர் பணிக்கர். 1956இல் கேரள மாநிலம் அமைந்தது. சங்கமும் கேரள கிரந்தசாலா சங்கம் ஆனது. திருவனந்தபுரம் அதன் தலைமை இடம்.

பணிக்கர் ஊர் ஊராகப் போனார். "வாசித்து வளர்க" என்பதே சங்கத்தின் முழக்கம். 47 ஆக இருந்த நூலகங்கள் பல ஆயிரம் ஆயின. 32 ஆண்டுகள் அவர் சங்கத்தின் செயலாளராக இருந்தார்.

இரண்டாவது பாடம் இது. தனி ஒருவர் மூட்டும் விளக்கு அவரோடு அணைந்து விடலாம். ஊரே சேர்ந்து காக்கும் விளக்கு அணையாது. நூலகத்தை ஊர் மக்களே நடத்த வேண்டும்.

புத்தகம் இருக்கிறது, படிப்பவர் எங்கே?

நூலகம் வந்தது. அலமாரியில் புத்தகம் வந்தது. ஆனால் எழுத்துத் தெரியாதவருக்கு அதனால் என்ன பயன்? பூட்டிய வீட்டில் சோறு இருப்பது போலத்தான். பசித்தவர் கையில் சாவி இல்லை.

எனவே நூலக இயக்கம் எழுத்தறிவு வேலையிலும் இறங்கியது. 1975இல் அந்தப் பணிக்காகச் சங்கத்துக்கு யுனெஸ்கோவின் குரூப்ஸ்கயா பரிசு கிடைத்தது.

1977இல் அரசு சங்கத்தை ஏற்றுக் கொண்டது. பணிக்கருக்கு அப்போது வயது 68. பலர் ஓய்வு எடுக்கும் வயது அது. அவரோ திருவனந்தபுரத்தில் கான்ஃபெட் என்ற புதிய அமைப்பைத் தொடங்கினார். பள்ளிக்கு வெளியே இருப்பவர்களுக்குக் கல்வி தருவதே அதன் வேலை.

மூன்றாவது பாடம் இதுதான். முன்பு செய்தது போதாது என்று தெரிந்தால் வழியை மாற்ற வேண்டும். வயதும் பதவியும் அதற்குத் தடை அல்ல.

பெரியவர்களுக்குக் கற்பிப்பது எப்படி?

குழந்தைக்கு "அ" என்றால் "அணில்" என்று சொல்லிக் கொடுக்கலாம். 40 வயதுக்காரர் அணிலை எழுதக் கற்று என்ன செய்வார்? அவருக்குத் தம் பெயரை எழுத வேண்டும். பேருந்துப் பலகையைப் படிக்க வேண்டும். கூலிக் கணக்கைச் சரி பார்க்க வேண்டும். கடன் பத்திரத்தில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். அவர் அன்றாடம் பேசும் சொல்லிலிருந்து தொடங்கினால் எழுத்து மனத்தில் நிற்கும்.

பெரியவர்கள் பகலெல்லாம் உழைத்து விட்டு இரவில் வருகிறார்கள். கண் எரியும். கை எழுதுகோலுக்குப் பழகியிராது. தவறாக எழுதினால் வெட்கம் வேறு. அவர்களை அதட்டினால் மறுநாள் வர மாட்டார்கள். தட்டிக் கொடுத்தால் வருவார்கள்.

தேசிய எழுத்தறிவு இயக்கம் 1988இல் தொடங்கியது. அதன் பாடத் திட்டமும் இதைக் கருத்தில் கொண்டது. மூன்று சிறு நூல்கள். மொத்தம் சுமார் 200 மணி நேரம். நூலுக்குள்ளேயே தேர்வும் இருந்தது. கற்பவர் தம் வளர்ச்சியைத் தாமே பார்த்துக் கொள்ளலாம்.

1990 பிப்ரவரியில் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. 1991 ஏப்ரல் 18 அன்று கோழிக்கோட்டில் விழா நடந்தது. கேரளம் முழு எழுத்தறிவு பெற்றது என்று அங்கே அறிவித்தவர் சேலக்கோடன் ஆயிஷா. அவரே அந்த இயக்கத்தில் எழுத்தறிந்த பெண். முதிய வயதில் கற்றவர் மேடையேறி அதை அறிவித்தது பொருத்தம்தானே?

கற்றது மறந்து போகுமா?

போகும். கற்றவர்கள் அஞ்ச வேண்டியது இதற்குத்தான். ஆறு மாதம் எதையும் படிக்காமல் இருந்து பாருங்கள். கூட்டெழுத்து மறக்கும். பிறகு கால்களும் கொம்புகளும் குழம்பும். கடைசியில் கையெழுத்து மட்டும் மிஞ்சும்.

குட்டநாட்டு வயலில் நீரை ஒரு முறை இறைத்தால் போதாது. இறைப்பதை நிறுத்தினால் நீர் மீண்டும் புகுந்து விடும். எழுத்தும் அப்படியே. தினமும் கொஞ்சம் படித்தால்தான் மறதி புகாது.

பணிக்கர் நூலகத்தில் தொடங்கி எழுத்தறிவுக்கு வந்தார். எழுத்தறிவு நிலைக்க மீண்டும் நூலகம் தேவைப்படுகிறது. இரண்டும் ஒரே வண்டியின் இரண்டு மாடுகள். ஒன்று நின்றால் வண்டி நகராது. வாழ்நாள் முழுவதும் செய்த வேலை பணிக்கருக்குக் காட்டிய வழி இதுதான்.

அவர் 1995 ஜூன் 19 அன்று காலமானார். 1996 முதல் அந்த நாளைக் கேரளம் வாசிப்பு நாளாகக் கொண்டாடுகிறது.

96 வயது மாணவி

பணிக்கர் காலத்தோடு வேலை முடிந்து விடவில்லை. கேரள மாநில எழுத்தறிவு இயக்கத்தின் தலைமையகம் திருவனந்தபுரத்தில் இருக்கிறது. அந்த இயக்கம் 2018இல் ஒரு தேர்வு நடத்தியது. ஆலப்புழை மாவட்டத்தைச் சேர்ந்த கார்த்யாயினி அம்மா அதை எழுதினார். அவருக்கு வயது 96. நூற்றுக்கு 98 மதிப்பெண் பெற்றார்!

அவருக்கு ஆசையைத் தூண்டியவர் யார்? அவருடைய மகள்தான். மகள் பெரிய வயதில் பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வில் தேறியிருந்தார். அதைப் பார்த்துத் தாய்க்கும் ஆசை வந்தது. பள்ளிக்கூடத்தில் மட்டும் ஆசிரியர் இருப்பதில்லை. நம் வீட்டிலும் இருக்கலாம்.

நாமும் செய்யலாம்

நீங்கள் இந்தப் பாடத்தைப் படித்து விட்டீர்கள். இனி நீங்களும் ஒருவருக்குக் கற்றுக் கொடுக்கலாம். பெரிய படிப்பு வேண்டாம். தினமும் பத்து நிமிடம் பத்திரிகையை உரக்கப் படியுங்கள். பக்கத்து வீட்டாரும் கேட்கட்டும். அவர் ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்பார். உங்களுக்கும் தெரியாமல் இருக்கலாம். இருவரும் சேர்ந்து தேடுங்கள். அப்போது நீங்கள் ஆசிரியராகவும் இருப்பீர்கள், மாணவராகவும் இருப்பீர்கள்.

சிந்திப்போம்

1. உங்களுக்கு எழுத்துக் கற்றுக் கொடுத்தவருக்கு நீங்கள் என்ன கற்றுக் கொடுத்தீர்கள்?

2. உங்கள் ஊரில் நூலகம் இருக்கிறதா? கடைசியாக அங்கே எப்போது போனீர்கள்?

3. எழுத்து மறக்காமல் இருக்க உங்கள் குழு வாரம் ஒரு நாள் என்ன செய்யலாம்?